படுக்க இடம் கேட்ட தண்ணீர்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று ஆரம்பிக்கும்போதே பயமாக இருக்கிறது. மேலத்தாங்கலை முதலில் சொல்ல வேண்டும். அப்புறம் நடுத்தாங்கல். அதற்கப்புறம்தான் கீழத்தாங்கல். வரிசை மாறிவிட்டால் தண்ணீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிவிடும், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவசரப்படாமல் மேட்டிலிருந்தே இறங்குவோம்.

ரொம்ப ரொம்ப முன்னால், தண்ணீருக்கு வாயும் மீனுக்குப் பேச்சும் இருந்த நாளில், முத்தாங்கல் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு பெரிய மலை. மலைக்குக் கீழே மேலத்தாங்கல் ஏரி, அதற்குக் கீழே நடுத்தாங்கல் ஏரி, அதற்கும் கீழே கீழத்தாங்கல் ஏரி. கால்மாட்டில் ஊரும் ராஜாவின் அரண்மனையும்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வரும். சும்மா வராது, கேட்டுக்கொண்டு வரும்.

“மலையிலேருந்து வரேன், கால் வலிக்குது. படுக்க இடம் இருக்கா?”

ஏரிக்கு ஒரு காவல் உண்டு. காவல் இருப்பவர் கரைமேல் நின்று பதில் சொல்ல வேண்டும்.

“இருக்கு, வந்து படு. எழுந்து போறப்ப மெள்ளப் போ.”

அவ்வளவுதான். தண்ணீர் மாடு மாதிரி மடங்கிப் படுத்துக்கொள்ளும். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மிச்சம் மட்டும் எழுந்து அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கல் என்றால் கரையின் ஓரத்தில் கொஞ்சம் தணிவாக நட்ட கல்வரிசை. மழை முடிந்து தை மாதம் வந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள், கோடைக்கு ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கட்டும் என்று. அடுத்த மழைக்கு முன்னால், புரட்டாசியில், அந்த மண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீருக்கு எழுந்து போக வழியிருக்காது, கரையை உடைத்துக்கொண்டுதான் போகும். அடைப்பதும் பிடுங்குவதும் பதில் சொல்வதும்தான் காவலின் வேலை.

மேலத்தாங்கலுக்குக் காவல் மண்ணாங்கட்டி. கீழத்தாங்கலுக்கு வேலப்பன். நடுத்தாங்கலுக்கு உண்ணாமலை. புருஷன் செத்த பிறகு அவன் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்ப்பாள். கலங்கல் மண்ணைப் பிடுங்கிய பிறகும் ஒவ்வொரு இடுக்கிலும் கையை விட்டுத் துழாவுவாள். மற்ற இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

“அக்கா, கல்லுக்கே கூசுது, விடு!” என்பான் மண்ணாங்கட்டி.

அவளுக்கு ஒரே பெண், செவந்தி. மூன்று தரம் பெண் பார்க்க வந்தார்கள். மூன்று தரமும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். மூன்று தரமும், “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா வீடு? கரை மேல ஒரு குடிசை...” என்று இழுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது தரம் செவந்தி அழவில்லை. அதுதான் உண்ணாமலையைக் கொன்றது.

அந்தச் சமயத்தில் மூன்று வருஷம் மழை பொய்த்தது. ஏரிகள் வற்றி வெடித்தன. பறவைகள் போயின, நண்டுகள் போயின, தவளைகள் போயின. நடுத்தாங்கலில் ஒரு கிழட்டு விரால் மீன் மட்டும் போகவில்லை. சேற்றைத் தோண்டி உள்ளே சுருண்டு, மண்ணை இழுத்துப் போர்த்திக்கொண்டது.

“மழை வந்தா எழுப்பு,” என்று உண்ணாமலையிடம் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனது.

மழை வரவில்லை, வறட்டுமாயன் வந்தான்.

அவன் நடந்த இடத்தில் புல் கருகியது. துப்பினால் தூசிதான் வந்தது. இடுப்பில் ஒரு செம்புச் சிமிழ். நேரே அரண்மனைக்குப் போனான்.

“ராஜா, இவ்வளவு பெரிய இடத்தைத் தவளைக்கும் நண்டுக்கும் விட்டுவைத்திருக்கிறீர்களே?”

“அது ஏரியாச்சே,” என்றார் ராஜா.

“மூன்று வருஷமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அது என்ன ஏரி? நீங்கள் சரி என்றால் பாயைச் சுருட்டுவது போல அதைச் சுருட்டி இந்தச் சிமிழில் போட்டு மூடிவிடுகிறேன். முந்நூறு வீடு கட்டலாம். மூன்று தெரு விடலாம்.”

ராஜா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஒரு தெருவுக்குத் தன் பேர், ஒரு தெருவுக்கு அம்மாவின் பேர், ஒரு தெருவுக்குத் தன் குதிரையின் பேர். கண்ணைத் திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“ஒரே ஒரு முடிச்சு,” என்றான் மாயன். “ஏரி தன் காவலின் வாக்குக்குத்தான் கட்டுப்படும். ‘இங்கே ஏரி இல்லை’ என்று காவல் இருப்பவர் தன் வாயால் மூன்று தரம் சொல்ல வேண்டும்.”

உண்ணாமலையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“ஏரி இருக்கா இல்லையா?” என்று கேட்டான் மாயன்.

“இருக்கு சாமி. தண்ணிதான் இல்லை.”

“தண்ணி இல்லாத குடத்தைத் தண்ணிக்குடம்னு சொல்லுவியா?”

“காலியா இருந்தாலும் குடம் குடந்தானே சாமி. காலியா இருந்தாத்தானே புடிக்க முடியும்?”

நன்றாகத்தான் பதில் சொன்னாள். ஆனால் ராஜா குறுக்கே வந்தார். “முதல் வீடு உனக்கு, உண்ணாமலை. ஓட்டு வீடு. சுண்ணாம்புத் தரை. முன்னால் இரண்டு தூண்.”

செவந்தியின் அழாத முகம் அவள் கண்முன் வந்தது. முந்தானையை விட்டாள்.

கரைமேல் போய் நின்றாள். “இங்கே ஏரி இல்லை,” என்றாள். கரை கூசிக் குறுகி மண்ணுக்குள் இறங்கியது.

“இங்கே ஏரி இல்லை.” கலங்கல் கற்கள் ஒவ்வொன்றாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன.

மூன்றாவது தரம் வாயைத் திறந்தபோது, மண்ணுக்கு அடியில் விரால் தூக்கத்தில் புரண்டு பேசியது. “உண்ணாமலை, பொய் சொல்லாதே. நான் இங்கேதானே படுத்திருக்கேன்.”

அவள் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள். “இங்கே ஏரி இல்லை.”

மாயன் குனிந்து ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினான். பள்ளமெல்லாம் சுருண்டு சிமிழுக்குள் போயிற்று. தரை பலகை மாதிரி ஆயிற்று. சிமிழை ராஜா சிம்மாசனத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முந்நூறு வீடு எழுந்தது. நட்டநடுவில் உண்ணாமலை வீடு. செவந்திக்குக் கல்யாணம் ஆயிற்று, மாப்பிள்ளை வீட்டோடு வந்தான். பார்க்கப்போனால் எல்லோருக்கும் நல்லதுதான் நடந்தது. தரை மட்டும் சும்மா இருக்கவில்லை. அவள் பெருக்கும்போதெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம்.

“உண்ணாமலை, தண்ணி வந்தா எங்கே படுக்கும்?”

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிடுவாள். இன்னொரு பூச்சு சுண்ணாம்பு பூசினாள். தட்டியது. இன்னொரு பூச்சு பூசினாள். தட்டியது. மூன்றாவது பூச்சுக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனபோது எதிர்வீட்டுக் காத்தாயி சிரித்தாள். “ஏம்மா உண்ணாமலை, வீட்டைக் கட்டிட்டாங்க, நீ இன்னும் முடிக்கலியா?”

“தரை பேசுது காத்தாயி.”

“என் மாமியார் பேச்சையே நான் கேக்கறதில்லை, தரை பேச்சைக் கேக்கறியே!” என்றாள் காத்தாயி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இப்படியெல்லாம் வெளியே சொல்லிக்கிட்டுத் திரியாதே. இது ஏரின்னு தெரிஞ்சா எவன் நம்ம தெருவுல பொண்ணு எடுப்பான்?”

உண்ணாமலை அதற்கப்புறம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் மூன்று பூச்சு சுண்ணாம்பு மாதிரிதான், மேலே வெள்ளையாக இருக்கும்.

நாலாவது வருஷமும் மழை பொய்த்தது. ஐந்தாவது வருஷம் ஐப்பசியில் மழை வந்தது. விட்டுப்போன நாலு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. செவந்திக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்.

மழை பிடித்த மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் மண்ணாங்கட்டி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

“அக்கா, மேலத்தாங்கல் முட்டிப்போச்சு. நடுவுல ஏரி இல்லியே, நானே புடிச்சு வெச்சிக்கலாம்னு புரட்டாசியில கலங்கல் மண்ணைப் புடுங்காம விட்டுட்டேன். ஒரு முழம் கூட நிக்குது. கரை கசியுது அக்கா.”

“அடப்பாவி!”

“இப்பப் போய்ப் புடுங்கணும். புடுங்கலேன்னா கரையே போயிடும். புடுங்கினா மொத்தமும் இங்கேதான் வரும். சொல்லு, இடம் இருக்கா?”

பதிலுக்கு நிற்காமல் அவன் அழுதுகொண்டே திரும்பி ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் தண்ணீர் வந்து நின்றது. பழுப்பு நிறம், முதுகில் முள்ளும் சருகும். நேரே அவள் வாசலுக்கு வந்து படியில் மோவாயை வைத்தது.

“மலையிலேருந்து வரேன், கால் வலிக்குது. படுக்க இடம் இருக்கா?”

உண்ணாமலை உள்ளே பார்த்தாள். தூளியில் குழந்தை. புதுத் தூண்கள். வெள்ளைத் தரை.

“இல்லை,” என்றாள்.

“அப்ப நடக்கறேன்,” என்றது தண்ணீர்.

நடந்தது. ராஜா தெருவில் நடந்தது, ராஜாவின் அம்மா தெருவில் நடந்தது, குதிரைத் தெருவில் நடந்தது. நடுவில் படுத்து இளைப்பாறாத தண்ணீர், போகப் போக வேகம் பிடித்தது. கீழத்தாங்கலுக்கு ஒரே ஓட்டமாகப் போய் விழுந்தது. அங்கே வேலப்பன் கரைமேல் நின்று இரண்டு கையையும் நீட்டிக் கத்தினானாம். “இடம் இருக்கு, வா! ஆனா ஒரே மூச்சுல வராதே! இரு, கொஞ்சம் இரு!” இருக்கச் சொல்ல வேண்டிய இடம் அதுவா? நடுத்தாங்கலில் சொல்லியிருக்க வேண்டும். கீழத்தாங்கல் கரை அறுந்தது. கரையோடு வேலப்பனும் போனான்.

அந்தச் செய்தி அப்போது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் இரண்டாம் தரம் வாசலுக்கு வந்ததுதான். இப்போது மோவாய் படியில் இல்லை, தூணின் பாதியில் இருந்தது.

“இன்னும் வரேன். இடம் இருக்கா?”

“இல்லை.” அவள் வீட்டுக்குள் கையைக் காட்டினாள். “எங்கே இருக்கு? நீயே பாரேன்!”

“அப்ப நடக்கறேன்.”

அப்போது நடுவீட்டுத் தரை மூன்று பூச்சோடும் பிளந்தது. சேற்றை உதறிக்கொண்டு கிழட்டு விரால் தலையை நீட்டியது.

“எழுப்பச் சொன்னேனே, எழுப்பலையே நீ.”

“ஐயா, என் பேரப்பிள்ளை... என்ன செய்யறது, சொல்லு!”

“இன்னொரு தரம்தான் தண்ணி கேக்கும். மூணாவது தரமும் இல்லைன்னா, அப்புறம் அது கேக்காது. கீழே ஊர், அரண்மனை, எல்லாத்து மேலயும் நடக்கும். நீ மூணு தரம் சொன்னதை நீயே மூணு தரம் மாத்திச் சொல்லணும். கலங்கல் கல்மேல நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லணும். ஆனா சொன்னா ஏரி வந்துடும். வீடெல்லாம் ஏரிக்குள்ள இருக்கும்.”

“என் வீடு?”

“நட்டநடுவுல இருக்கு,” என்றது விரால்.

கலங்கல் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். குதிரைத் தெருக் கோடியில் காத்தாயி துணி துவைக்கிற கல் அது. பாதி உடம்பு முழுகும் தண்ணீரில் அவள் அங்கே போய் அதன்மேல் ஏறி நின்றாள். கட்டில்மேலும் கூரைமேலும் ஏறியிருந்தவர்கள் பார்த்தார்கள்.

“என்னம்மா, மழையில துணி துவைக்கப் போறியா?” என்று ஒருவன் கூரையிலிருந்து கேட்டான். அந்த நிலையிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

“நான் பொய் சொன்னேன்!” என்று அவள் கத்தினாள். “வீட்டுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னேன். இங்கே ஏரி இருக்கு!”

தெருவைச் சுற்றிலும் பூமி முனகியது. புதைந்த கரை முதுகை நெளித்து எழுந்தது. சிரிப்பு நின்றது.

“எல்லாரும் கரை மேல ஏறுங்க! பெரியவங்களைத் தூக்குங்க, ஆட்டை அவுத்து விடுங்க!”

கண்ணால் கரையைப் பார்த்த பிறகும் எல்லோரும் உடனே ஏறவில்லை. ஒருத்தி அம்மியைத் தூக்கப் பார்த்தாள். ஒருவன் கதவைக் கழற்றினான். போகிற போக்கில் காத்தாயி அவள் முகத்தில் துப்பினாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோமேடி, பாவி!” சொல்ல வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான். உண்ணாமலை எச்சிலைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரம் கத்தினாள்.

“இங்கே ஏரி இருக்கு!” கலங்கல் கற்கள் வரிசையாகத் தலைதூக்கின.

முந்நூறு வீட்டு ஆட்களும் கரைமேல் நின்றார்கள். அவள் முகம் முகமாகப் பார்த்தாள். மாப்பிள்ளை நின்றான். செவந்தி இல்லை.

“எங்கேடா அவ?”

“வரமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டா அத்தை. என்னை உதறிவிட்டுட்டா.”

கல்லிலிருந்து குதித்து அவள் திரும்பி ஓடினாள். ஓடினாள் என்றா சொல்வது, தண்ணீரைக் கையால் கிழித்துக்கொண்டு போனாள். உள்ளே செவந்தி நெற்குதிர்மேல் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“வாடி!”

“வரமாட்டேன். இந்த வீட்டுக்காகத்தானே என்னைக் கட்டினாங்க? வீடு போனா நான் யாரு? பழையபடி கரை மேல குடிசையா?”

“உசுரு இருக்கும்டி!”

“நீதானே இல்லைன்னு சொன்னே? மூணு தரம் சொன்னியே, அப்பவே எங்கே போச்சு இந்தப் புத்தி?”

உண்ணாமலை கையை ஓங்கி ஒரு அறை விட்டாள், குழந்தையைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள், வெளியே நடந்தாள். குழந்தை போன பக்கம் தாய் வந்துதானே ஆக வேண்டும். செவந்தி திட்டிக்கொண்டே பின்னால் நீந்தி வந்தாள்.

கலங்கல் கல்லுக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் மூன்றாம் தரம் எதிரே நின்றது. இப்போது அது அவளைவிட உயரம்.

“மலையிலேருந்து வரேன், கால் வலிக்குது,” என்றது. குரல் கரகரத்திருந்தது. “படுக்க இடம் இருக்கா?”

அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஓட்டுக் கூரை, இரண்டு தூண்.

“இங்கே ஏரி இருக்கு,” என்றாள். பிறகு, ஐந்து வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள். “இருக்கு, வந்து படு. எழுந்து போறப்ப மெள்ளப் போ.”

அரண்மனையில் சிம்மாசனத்துக்கு அடியில் சிமிழ் வெடித்தது. ராஜா எகிறி விழுந்தார். இங்கே தரை பாய் மாதிரி விரிந்து தணிந்தது. முந்நூறு வீடும் நின்ற நிலையில் உள்ளே இறங்கின. தண்ணீர் நீளமாகப் பெருமூச்சு விட்டு, மடங்கிப் படுத்தது. ஊர்ப்பக்கம் போன வெள்ளம் அரண்மனையின் மூன்றாவது படியில் நின்று, பிறகு வடிந்தது. கரை அறுந்த கீழத்தாங்கலுக்கு, கலங்கல் வழியாக, ஒரு கை அளவு தண்ணீர் மெள்ளப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

மாயன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன்மீது ஒரு துளிகூடப் படவில்லை. முதல் தூறலிலேயே பக்கத்து ராஜ்யத்துக்குப் போய்விட்டான். போகிற வழியில் செம்பு தட்டுகிற ஒரு கன்னாரிடம் இன்னொரு சிமிழ் செய்யச் சொன்னானாம்.

விரால் தண்ணீருக்கு மேலே வந்து ஒரு தரம் வாயைத் திறந்து மூடியது. நன்றி சொல்லவில்லை. “அடுத்த வருஷமும் கேக்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போயிற்று.

ராஜா வெட்கப்பட்டார். முந்நூறு குடும்பத்துக்கும் மேட்டில் மனை கொடுத்தார். உண்ணாமலை ஊரைக் காப்பாற்றினாள் என்று முரசு அறைந்தார்கள். முரசு தெருவில் வந்தபோது வேலப்பன் பெண்டாட்டி வெளியே வந்து, அது போய் முடிகிறவரை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து உண்ணாமலை கீழத்தாங்கல் பக்கம் போவதானால் சுற்றுவழியில்தான் போனாள். செவந்தி அவளோடு பேசினாள், தேவைக்கு மட்டும்.

“உனக்கு என்ன வேண்டும், கேள்,” என்றார் ராஜா.

அவள் கரைக்கு மேலே, கலங்கல் தலைக்கும் மேலே, எல்லோர் மனையையும்விட உயரத்தில் பெரிய மனையாகக் கேட்டாள். கொடுத்தார்கள். மாப்பிள்ளை சந்தோஷமாக நாலு கட்டு வீட்டுக்கு அளவுக் கயிறு பிடித்தான். அவள் கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள். ஒரு மூலையில் ஒரே ஓர் அறை கட்டினாள். மிச்ச மனை முழுவதையும் மண்வெட்டி எடுத்துத் தானே வெட்டினாள். மூன்று மாதம் வெட்டினாள். குளமாக வெட்டினாள்.

“மேட்டுல எதுக்கு அத்தை குளம்? இங்கே தண்ணி எங்கே வரப்போகுது?” என்று மாப்பிள்ளை கேட்டான்.

“வரட்டும் வராம போகட்டும். கேட்டா இல்லைன்னு சொல்ல என் வாய்க்கு இனிமே தெம்பு இல்லை,” என்றாள்.

வருஷா வருஷம் புரட்டாசியில் நடுத்தாங்கல் கலங்கல் மண்ணைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, அந்தக் காலிக் குளத்தையும் தூர் எடுப்பாள். ஒவ்வொரு மூலையிலும் கையை விட்டுத் துழாவுவாள். பேரன் வளர்ந்து பெரியவனாகி அங்கே ஓர் அறை போடலாமா என்று கேட்டபோதும் அவள் கொடுக்கவில்லை. அந்தக் குளத்தின் ஓரத்தில்தான் பாய் போட்டுப் படுத்தாள், தண்ணீர் வந்தால் முதலில் தன் காதில் விழட்டும் என்று.